18 முடித்து இல்லத்திலிருந்து வெளியே வரும் பையன்களுக்குக் குழு வீடு: குடியிருப்புத் தெருவில் தொடங்கும்முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மலைக்கோட்டைவாசி (கேள்வி)

வணக்கம். திருச்சியில் எங்கள் அறக்கட்டளை பிற்காப்பு (ஆஃப்டர்கேர்) குழு வீடு ஒன்று தொடங்கப் போகிறது. குழந்தைகள் இல்லங்களிலும், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் சிறப்பு இல்லத்திலும் இருந்து, 18 வயது முடிந்து வெளியே வரும் பையன்கள் 8 பேர் தங்குவார்கள். பகலில் ஐ.டி.ஐ., கல்லூரி, துவாக்குடி பக்கம் பட்டறை வேலை என்று போய்விடுவார்கள். இரவில் பொறுப்பாளர் ஒருவர் கூடவே தங்குவார். கே.கே. நகர் பக்கம் தனி வீடு பார்த்திருக்கிறோம். கீழும் மேலுமாக 4 அறை, 2 கழிவறை, வாடகை 22,000. டிரஸ்ட் பதிவு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி, தொண்டு நிறுவனங்களுக்கான தர்பன் எண் எல்லாம் கையில் உள்ளன.

தெரிய வேண்டியவை: அனுமதிக்கு யாரிடம் போக வேண்டும், பெண்கள் குழந்தைகளுக்கான விடுதிச் சட்டம் இதற்குப் பொருந்துமா? மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா ஒரு பையனுக்குத் தரும் மாதம் 4,000-ஐ நம்பி வரவுசெலவு போடலாமா? ஆள் எத்தனை பேர் வேண்டும்? எல்லாவற்றையும்விட, தெருக்காரர்களிடம் எப்போது, என்ன சொல்வது? "போலீஸ் கேஸ் பையன்களா?" என்று இரண்டு வீட்டில் இப்போதே கேட்டுவிட்டார்கள்.

கச்சேரிவீதி

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ல் பிரிவு 46தான் உங்களுக்கு அடிப்படை. 18 முடித்து நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறுபவருக்கு 21 வரை பிற்காப்பு தரலாம். 2016 மாதிரி விதிகளில் விதி 25 இதை விரித்துச் சொல்கிறது. விதிவிலக்கான நிலைமையில் இன்னும் 2 ஆண்டு நீட்டிக்கலாம். "6 முதல் 8 பேர் கொண்ட குழுவுக்குத் தற்காலிகச் சமூகக் குடியிருப்பு" என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. அதனால் 8-ஐத் தாண்டாதீர்கள். "இன்னும் ரெண்டு பேர்தானே, ஹாலில் படுத்துக்கொள்ளட்டும்" என்று 10 ஆக்கினால், அந்த வீடு அன்றைக்கே விடுதியாகிவிடும். தெருவும் அப்படித்தான் பார்க்கும்.

2014-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதி, இல்லங்களுக்கானது. 18 முடிந்த ஆண்கள் மட்டும் தங்கும் வீடு அதில் வராது. ஆனால் 17 வயது 10 மாதம் ஆன ஒரே ஒரு பையனை "ரெண்டு மாசம்தானே" என்று சேர்த்தீர்களானால் நிலைமை தலைகீழ். குழந்தை தங்கும் இடத்துக்குப் பிரிவு 41-இன்படி பதிவு வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் பிரிவு 42-இல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். எனவே சேர்க்கை நாளில் பிறந்த தேதிச் சான்றின் நகலைக் கோப்பில் வைத்த பிறகே படுக்கை ஒதுக்குங்கள்.

போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஒவ்வொரு பையனுக்கும் குழந்தைகள் நலக் குழு அல்லது இளைஞர் நீதிக் குழுமத்தின் ஆணையும், தனிநபர் பராமரிப்புத் திட்டமும் வேண்டும். சிறப்பு இல்லத்திலிருந்து வருபவருக்கு நன்னடத்தை அலுவலர் வெளியேறுவதற்கு 2 மாதம் முன்பே விடுவிப்புக்குப் பிந்தைய திட்டத்தைக் கொடுத்திருக்க வேண்டும். நடைமுறையில் அது கடைசி வாரத்தில்தான் எழுதப்படும். நீங்களே தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு கேட்டு வாங்குங்கள். ஆணை இல்லாமல் பையன் மட்டும் பெட்டியோடு வந்து நின்றால், உதவித்தொகைக் கோப்பு நகரவே நகராது.

கட்டடத்துக்கு உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, வட்டாட்சியரிடம் பெறும் பொதுக் கட்டட உரிமம் (படிவம் டி) ஆகிய நான்கையும் ஆய்வுக்கு வருபவர்கள் கேட்பார்கள். இவை வீட்டு உரிமையாளரின் ஒத்துழைப்பு இல்லாமல் கிடைக்காது. கட்டட அனுமதி வரைபடத்தின் நகலை அவர் தர மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

"போலீஸ் கேஸா?" என்ற கேள்விக்கு வருகிறேன். எட்டுப் பேரில் யாருக்கு வழக்கு இருந்தது என்று தெருவிலோ வாட்ஸ்அப் குழுவிலோ நீங்கள் சொல்லவே கூடாது. வழக்கில் இருந்த குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் பிரிவு 74 தடுக்கிறது. தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்தைச் சான்று கேட்டாலும், முடிந்துபோன வழக்கின் பதிவைக் காவல்துறை அதில் காட்டக் கூடாது என்பதும் அதே பிரிவுதான். பிரிவு 24 அந்தப் பழைய தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றம் பெரியவராகக் கருதி விசாரித்துத் தீர்த்த வழக்கு மட்டும் இதற்கு விலக்கு. சட்டம் அந்தப் பையனுக்குப் புதுத் தொடக்கத்தைக் கொடுத்திருக்கிறது. நம் வாயால் அதைப் பறித்துவிடக் கூடாது.

அடுப்படிக்கணக்கு

பணம், ஆள், தண்ணீர் மூன்றையும் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகை 22,000. பொறுப்பாளர் இருவருக்கு 16,000 வீதம் 32,000. சாப்பாடு 9 பேருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 110 என்று வைத்தால் 30 நாளுக்கு 29,700. கரண்டு, தண்ணீர் லாரி, கேஸ், நெட் எல்லாம் சேர்த்து 6,000. மருந்து, பஸ், சில்லறை 4,000. பழுதுபார்ப்பு 2,000. மொத்தம் 95,700. எட்டுப் பேருக்கு 4,000 வந்தால் 32,000, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதுவும் உங்கள் பணம் இல்லை, பையனின் வங்கிக் கணக்குக்குப் போகும் பணம். அதை டிரஸ்டின் வரவாக எழுதினால் தணிக்கையில் மாட்டுவீர்கள். பையன்களும் "எங்க காச எடுத்துக்கிறாங்க" என்பார்கள். அது நியாயமான கோபம்.

வேலைக்குப் போகும் 5 பேர் மாதம் 3,000 பங்கு தந்தால் 15,000. சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று வைக்காதீர்கள். ஓவர்டைம் பார்த்தவன் பணத்தை மறைப்பான், கணக்குக் கேட்பது சண்டையாகும். நிலையான தொகை, ரசீதுடன். உதவித்தொகை சில மாதம் தாமதமாகலாம். அது வரவே இல்லை என்று வைத்துப் பாருங்கள்: 95,700-இல் 15,000 போக மாதம் 80,700, ஆறு மாதத்துக்கு 4,84,200. இந்த ஐந்து லட்சம் வங்கியில் இல்லாமல் கதவைத் திறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாதியில் மூடினால் அந்தப் பையன்களுக்கு இது இன்னொரு முறை கைவிடப்பட்ட கதை.

ஆள் விஷயம். "ஒரு வார்டன் போதும்" என்பதுதான் பெரும்பாலான வீடுகள் சரியும் இடம். இரவு 9 முதல் காலை 7 வரை 10 மணி நேரம், வாரத்துக்கு 70. ஞாயிறு பகல் 14 சேர்த்தால் 84. ஒரே ஆள் அதைச் செய்தால் மூன்றாம் மாதம் எரிச்சல் வரும், நாலாம் மாதம் பையன்களை அடிக்கக் கை ஓங்கும், ஐந்தாம் மாதம் ராஜினாமா. இரண்டு பேர் என்றால் தலைக்கு 42 மணி நேரம், தாங்கும். இருவரும் மாறும் நேரத்துக்கு ஒரு நோட்டு வையுங்கள். யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை, யார் தாமதமாக வந்தார், அவ்வளவுதான். "நேத்து அந்த அண்ணன் விட்டாரு, இன்னைக்கு நீங்க விட மாட்டேங்கிறீங்க" என்ற தகராறு பாதி குறையும்.

வீட்டைப் பற்றி: 2 கழிவறை போதாது. காலை 5.30-க்கும் 7-க்கும் இடையில் 90 நிமிடம். 9 பேர், ஆளுக்கு 15 நிமிடம் என்றால் 135. இரண்டில் பிரித்தால் 68 நிமிடம், சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஒன்று அடைத்துக்கொண்ட அன்று மூன்று பேர் வேலைக்குத் தாமதம். பின்பக்கம் மூன்றாவது ஒன்று கட்டிக்கொள்ள உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். தண்ணீர் தலைக்கு 135 லிட்டர் வீதம் 1,215. மொட்டைமாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்றுதான் இருந்தால் மாலையில் காலி. 2,000 வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லையென்றால் செப்டிக் டேங்க் கொள்ளளவை முதலிலேயே அளந்து பாருங்கள். நாலு பேர் குடும்பத்துக்குக் கட்டியது ஒன்பது பேருக்குச் சீக்கிரம் நிரம்பும். பக்கத்து வீட்டுக்காரர் முதல் புகாரைப் பையன்களைப் பற்றிக் கொடுக்க மாட்டார், நாற்றத்தைப் பற்றித்தான் கொடுப்பார். கரண்டில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு உயர்ந்த அடுக்குக்குப் போய்விடும். ஏழெட்டு ஃபேன் ஓடும் வீட்டில் அது கண்டிப்பாகத் தாண்டும், பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள்.

அறைக்கு 2 பேர், தனிக் கட்டில், ஆளுக்கொரு பூட்டுள்ள பீரோ. பீரோவை "அப்புறம் வாங்கலாம்" என்று தள்ளாதீர்கள். முதல் அடிதடி சார்ஜரும் சட்டையும் காணாமல் போவதில்தான் தொடங்கும். இல்லத்தில் வளர்ந்தவனுக்குத் தனக்கென்று பூட்டிய ஒரு இடம் இருந்ததே இல்லை. அந்தச் சாவி அவனிடமே இருக்கட்டும்.

சமையலை அவர்களே செய்யட்டும், இருவர் இருவராக முறைவைத்து. உழைக்கும் வயசு, மதியக் கட்டுச்சோற்றுக்கு மட்டும் தலைக்கு 200 கிராம் அரிசி, 9 பேருக்கு நாளொன்றுக்கு 1.8 கிலோ, மாதம் 54 கிலோ, அதாவது 26 கிலோ மூட்டை இரண்டுக்குச் சற்று மேல். முதல் மாதம் ஒரு சமையலம்மாவை வைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டு அவரை நிறுத்துங்கள். பெரிய இல்லத்தில் மணியடித்தால் தட்டேந்தி நின்ற பழக்கம். உப்பு விலைகூடத் தெரியாது. கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவதையும் அங்கேதான் பழக வேண்டும்.

உறையூர்த்தெரு

அக்கம்பக்கம் பற்றி. பொதுக்கூட்டம் போடாதீர்கள். 40 பேர் கூடும் இடத்தில் உரத்துப் பேசுகிறவர் கருத்துத்தான் தெருவின் கருத்தாகும். அங்கே ஒருமுறை "வேண்டாம்" என்று சொன்னவர் பிறகு மாற்றிக்கொள்ளக் கூச்சப்படுவார். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, இடம் வலம் எதிர் பின் என்று 8-10 வீட்டுக்கு நேரில் போங்கள். மாலை 6-க்கு மேல், ஞாயிறு காலை. டிரஸ்டில் ஒருவரும், இரவு தங்கப் போகும் பொறுப்பாளரும் சேர்ந்தே போக வேண்டும். நாளைக்கு அவர்கள் கதவைத் தட்டப்போவது அவரைத்தான். வார்டு கவுன்சிலரை அதற்கு முந்தின நாளே பார்த்துவிடுங்கள். மற்றவர் சொல்லித் தெரிந்தால் அவர் எதிர்க்கட்சியாகிவிடுவார்.

என்ன சொல்வது? அப்பா அம்மா துணை இல்லாத இளைஞர்கள், படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், 8 பேர், இரவில் பெரியவர் ஒருவர் இருப்பார், இது அவர் எண். "கேஸ் உண்டா?" என்றால் "யாருடைய கடந்த காலத்தையும் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை, யாரைப் பற்றியும் சொல்ல மாட்டோம். இந்த வீட்டில் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பு" என்பதோடு நிறுத்துங்கள். "இல்லவே இல்லை" என்று பொய் சொன்னால் ஒருநாள் வெளிப்படும், அன்றோடு எல்லா நம்பிக்கையும் போச்சு.

நிஜமான புகார்கள் சின்னவை. வாசலில் நின்று போன் பேசுவது, கேட்டருகே சிகரெட், எதிர்வீட்டுக் கேட்டை மறைத்து பைக், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டுவது, எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தபடி கைலி காயப்போடுவது. கொடியைப் பின்பக்கம் கட்டுங்கள். பைக்குக்குக் காம்பவுண்டுக்குள் இடம் இருக்கும் வீடாகப் பாருங்கள். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பொறுப்பாளர் நேரில் போய் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும், பையனைக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைக்கக் கூடாது. தெருவில் தலைகுனிய வைத்த பையன் அந்த வீட்டில் நிலைக்க மாட்டான்.

எட்டுப் பேரையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். முதலில் 3 பேர், ஆறு வாரம் கழித்து 2, பிறகு மீதி. முதல் மூவர் தெருவுக்கும் பழகியிருப்பார்கள், வீட்டுப் பழக்கத்தையும் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

வாசலில் டிரஸ்ட் பெயர்ப் பலகை வையுங்கள், வெளிப்படையாக இருக்கும்.

கச்சேரிவீதி

உறையூர் நண்பர் சொன்ன எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன், பலகை தவிர. "பிற்காப்பு இல்லம்" என்று கேட்டில் எழுதினால், அந்தக் கேட்டிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவன் நெற்றியிலும் எழுதியது போல. வேலைக்கு எடுக்கும் முதலாளி வீட்டைப் பார்க்க வந்தால் முதலில் படிப்பது அதைத்தான். 8 பேர் வாழும் வீட்டுக்குக் கதவு எண் போதும். அலுவலகங்களுக்கு ஆவணம் இருக்கிறது, பக்கத்து வீடுகளுக்குப் பொறுப்பாளர் எண் இருக்கிறது.

காவல் நிலையத்துக்கும் இதே அளவுகோல். குடியிருப்பவர் விவரமும் பொறுப்பாளர் பெயர், எண்ணும் ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். யாருக்கு முன்பு வழக்கு என்ற பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. பகுதியில் திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் இந்த வீட்டின் மேல்தான் விழும், அதற்குத் தயாராக இருங்கள். "சும்மா விசாரிக்க" என்று இரவில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 35(3) அறிவிப்போ பிரிவு 179 எழுத்து ஆணையோ இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். கூடவே போங்கள், பையனைத் தனியாக அனுப்பாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இலவசச் சட்ட உதவி எண் 15100, பொறுப்பாளர் மேசையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கட்டும்.

மலைக்கோட்டைவாசி

எல்லோருக்கும் நன்றி. பலகை வைக்கவில்லை. இன்னும் இரண்டு: உரிமையாளர் 11 மாத ஒப்பந்தமும் 10 மாத முன்பணமும் கேட்கிறார். எங்கள் நிர்வாகி ஒருவர் இரவு 9.30-க்கு மேல் வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியைப் பொறுப்பாளர் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

கச்சேரிவீதி

2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதாவது நீங்கள் 10 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், முன்பே பேசிக் குறையுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 11 மாதம் உங்களுக்கு ஆகாது. 3 ஆண்டு, இரு தரப்பும் 3 மாத முன்னறிவிப்பு என்று கேளுங்கள். பையனுக்கு 18-லிருந்து 21 வரைதானே கணக்கு.

முக்கியமான வரி இது: "அறக்கட்டளை நடத்தும் குழுக் குடியிருப்பு, 8 இளைஞர்களும் ஒரு பொறுப்பாளரும் வசிப்பர்" என்று நோக்கத்தை அப்படியே எழுதுங்கள். நிர்வாகியின் பெயரில் சும்மா குடும்ப வீடு என்று எடுத்தால், எழுத்துச் சம்மதமின்றி வேறொருவர் வசம் விட்டதாகச் சொல்லி வெளியேற்ற வழி கிடைத்துவிடும். தெருவில் எதிர்ப்பு எழும் நாளில் உரிமையாளர் அதைத்தான் கையில் எடுப்பார்.

அடுப்படிக்கணக்கு

பூட்டு வேண்டவே வேண்டாம். அவர்கள் வயது வந்தவர்கள். வெளியே போக முடியாமல் அடைத்து வைப்பது குற்றம், நெருப்புப் பிடித்தால் கொலை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் போனது பூட்டையும் சங்கிலியையும் பாதுகாப்பு என்று நினைத்ததால்தான். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள், மாடி ஜன்னல் கிரில்லில் ஒன்றாவது திறக்கும்படி செய்யுங்கள், சமையலறை வாசலில் ஒரு தீயணைப்பான்.

நேரக் கட்டுப்பாடு இருக்கலாம். இரவு 9.30, தாமதமானால் போன். ஷிப்டுக்குப் போகிறவன் அந்த வாரத்து ஷிப்டைச் சமையலறைச் சுவரில் எழுதிவிட வேண்டும், அவனிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். விதிகள் ஒரே பக்கத்தில், தமிழில், சேரும் நாளில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து. குடி, அடிதடி, விருந்தாளி தங்குவது, பங்குத்தொகை இவை நான்கும் தெளிவாக இருந்தால் போதும். இருபது விதி எழுதினால் எதையும் நிறைவேற்ற முடியாது. அறையைச் சோதிப்பதாக இருந்தால் அவன் முன்னிலையில் மட்டும்.

மன்னார்புரம்

யாரும் சொல்லாத ஒன்று: ஆவணங்கள். முதல் மாத வேலையே இதுதான். ஆதாரில் பழைய இல்லத்தின் முகவரியும் யாரோ ஒருவரின் மொபைல் எண்ணும் இருக்கும். அந்த எண் செத்திருக்கும், ஓடிபி வராது, எல்லாம் அங்கேயே நிற்கும். பதிவான வாடகை ஒப்பந்தத்தோடு ஆதார் மையத்துக்குப் போய் இரண்டையும் மாற்றுங்கள். அடுத்து, சிறுவர் கணக்காகத் தொடங்கிய வங்கிக் கணக்கை வயது வந்தவர் கணக்காக மாற்றுவது. அது முடியாமல் 4,000 வந்தாலும் எடுக்க முடியாது. ஏ.டி.எம். கார்டு அவனிடமே இருக்க வேண்டும். பிறகு படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியல்.

சாதிச் சான்று இல்லாமல் படிப்பு நின்றுபோகிறவர்கள் உண்டு. 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே ஒரு பதிவாக இருக்கிறார்கள். பழைய இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டு நகலை வைத்து விண்ணப்பியுங்கள். அந்த நகலைப் பையன் வெளியேறும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. திருவெறும்பூர் உங்களுக்குப் பக்கம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், சேர்ந்த வாரமே கேளுங்கள்.

வெளியேறுவதற்கான ஏற்பாட்டை 20 வயது 6 மாதத்தில் ஆரம்பியுங்கள், 21-ஆம் பிறந்தநாளில் அல்ல. வேலைக்குப் போகும் முதல் மாதத்திலிருந்தே வங்கியில் அவன் பெயரில் மாதம் 1,000 தொடர் வைப்பு. 30 மாதத்தில் அசலே 30,000, ஒரு சின்ன வீட்டின் முன்பணத்தில் பங்கு போட ஆகும். தனியாக ஒரு பையனுக்கு வீடு தர யோசிப்பார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, டிரஸ்டின் கடிதத்தோடு போனால் கிடைக்கும். முதல் மூன்று மாதம் பொறுப்பாளர் ஞாயிறுதோறும் அங்கே போய் வர வேண்டும். அந்தப் பயணச் செலவையும் அடுப்படிக்கணக்கு போட்ட சில்லறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.